பட்டணத்தில் ஜீவகாருண்யம்

பால், தயிர், நெய் முதலியவற்றையும் விலக்கிய ஆகாரத்தைச் சென்னை போன்ற பெருநகரத்தில் கைக்கொள்ளுவது துறவிகளுக்கே இயலும் கடின விரதம் என்று பலர் எண்ணுவது பிழை என்பது என் திடமான அபிப்பிராயம். ஆவி பறக்கும் இட்லி, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி, முருங்கைக்காய்ச் சாம்பார், மாலையில் கடற்கரையில் மாங்காய்த் துண்டும் தேங்காய்க் கீற்றும் கலந்து பொட்டலம் கட்டித் தரும் சுண்டல் ஆகிய இவற்றில் எதன்பொருட்டும் கன்று தன் தாய்ப்பாலை இழக்க வேண்டியதில்லை. தோசைக்கு நெய் வேண்டாம், எண்ணெய் போதும் என்று பரிமாறுபவரிடம் முன்னதாகவே சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. காப்பிதான் சற்றுச் சங்கடம். அதற்கும், ஊறவைத்த முந்திரியை மைய அரைத்து வடிகட்டிய பாலில் கெட்டியான டிகாக்‌ஷனை விட்டுப் பருகினால், மணத்துக்கோ ருசிக்கோ குறைவில்லை.

ஆயினும் தயை இலையோடு நின்றுவிடலாகாது. இழை அறுபடாத பட்டு வேண்டும் என்பதற்காகக் கூட்டுக்குள் இருக்கும் புழு உயிரோடு ஆவியிலும் வெந்நீரிலும் மாள்கிறது என்பதை அறிந்தபின், முகூர்த்தத்துக்கு நேர்த்தியான பருத்திச் சேலையே போதும் என்று தீர்மானிக்கும் பெண்களை நான் மனமாரப் போற்றுகிறேன். இந்நகரில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் விடாது முயன்றதன் பயனாகவே 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அழகு சாதனங்களை விலங்குகளின் மேல் பரீட்சிப்பதும் 2014-ல் தடுக்கப்பட்டது. இனி, உணவு விடுதி நடத்துவோர் பால், நெய் கலவாத பண்டங்கள் எவையென்று விலைப்பட்டியலில் குறித்து வைக்க வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்ளுகிறேன்.