கடைசி சீசனில் ஒரு குழந்தை வேண்டும்

உலகம் அழிவதைக் காட்டுவது சுலபம். ஒரு அணுகுண்டு, ஒரு பனியுகம், ஒரு கொள்ளைநோய் போதும். அழிந்தபிறகு மிச்சமிருக்கும் நாலு பேர் என்ன செய்தார்கள், எப்படிக் கரையேறினார்கள் என்று சொல்லி முடிப்பதில்தான் கதை எழுதுகிறவனின் லட்சணம் தெரிகிறது. நான் பார்த்த வரையில் பல பேர் அந்த இடத்தில்தான் கவிழ்கிறார்கள்.

வழக்கமாக இங்கே பாசனம், வாய்க்கால், பழைய ஆயக்கட்டு என்று எழுதும் ஆள் இதை ஏன் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மகள் வயிற்றுப் பேத்தி திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறாள். சனிக்கிழமை ராத்திரி தாராபுரம் வந்தால் டிவி அவள் கையில். அவள் போடுவதைத்தான் நாங்கள் பார்க்க வேண்டும். அப்படி இரண்டு வருஷமாக உலகம் எத்தனை விதமாக அழியுமோ அத்தனையும் பார்த்தாகிவிட்டது. கீழே ஓடும் எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் ஆள் செத்துவிடுகிறான் என்பது ஒன்றுதான் எனக்குக் குறை.

முதலில் 'தி ஹண்ட்ரட்' என்ற அமெரிக்கத் தொடர். 2014 மார்ச்சில் ஆரம்பித்து 2020 செப்டம்பரில் முடிந்தது. ஏழு சீசன், மொத்தம் சரியாக 100 எபிசோடு. அணு ஆயுதப் போரில் பூமி எரிந்து 97 வருஷம் ஆகிவிட்டது. தப்பித்தவர்களின் சந்ததி விண்வெளி நிலையத்தில் இருக்கிறது. அங்கே பிராணவாயு குறைகிறது. பூமி வாழத் தகுந்ததா என்று பார்க்க, தப்பு செய்து அடைபட்டிருந்த 100 சிறுவர் சிறுமியரைக் கீழே இறக்கி விடுகிறார்கள். என்ன அருமையான ஆரம்பம் பாருங்கள்! சேற்றில் கால் வைத்த பிள்ளைகள் மரத்தைப் பார்த்து வாயைப் பிளப்பதிலிருந்து, யார் தலைவன், இருக்கிற சோற்றை எப்படிப் பங்கு வைப்பது என்ற சண்டை வரைக்கும் நம் வாய்க்கால் பஞ்சாயத்துதான்.

ஏழாவது சீசனில் கதை எங்கெங்கோ போய்விட்டது. வேறு கிரகம், வேறு காலம், கல் ஒன்றைத் தொட்டால் இன்னொரு உலகம். கிளார்க் என்ற பெண் நாயகி. ஆரம்பத்திலிருந்து அவள் பக்கத்தில் நின்றவன் பெல்லமி. முடிவதற்கு மூன்று எபிசோடு இருக்கும்போது அவனை அவளே சுட்டுவிடுகிறாள். எதற்கு? ஒரு படம் வரையும் நோட்டு எதிரி கையில் போகக் கூடாதென்று. சுட்டுவிட்டு அந்த நோட்டை எடுக்காமலே போய்விடுகிறாள்! என் வீட்டம்மா அன்று சொன்னதை அப்படியே தருகிறேன்: "முடிக்கத் தெரியாதவன் எதுக்குங்க ஆரம்பிக்கோணும்?" (அந்த இருவரும் நிஜத்தில் கணவன் மனைவி என்று பேத்தி சொன்னபிறகுதான் அவளுக்கு மனது ஆறியது.)

கடைசி எபிசோடில் கடைசி யுத்தம் என்று இத்தனை நாள் பயம் காட்டியது யுத்தமே இல்லை, மனித குலத்துக்கு வைக்கும் பரீட்சை என்று தெரிகிறது. பரீட்சை நடுவிலேயே கிளார்க் ஒரு கொலை செய்கிறாள். ஆனாலும் மற்றவர்கள் ஆயுதத்தைக் கீழே போட்டதால் மனிதர்கள் எல்லோரும் உடம்பை விட்டு ஒளியாகி மேலே போகிறார்கள். கிளார்க்குக்கு மட்டும் இடமில்லை. ஒரு நாயோடு தனியாகப் பூமியில் அலைகிறாள்.

அந்தக் காட்சியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இது நம்ம கதை அல்லவா! மகாபிரஸ்தானம். திரௌபதி விழுந்து, தம்பிகள் ஒவ்வொருவராய் விழுந்து, தருமர் நாயோடு தனியாக நடக்கிறார். இந்திரன் தேரோடு வந்து ஏறச் சொல்கிறான். நாயை விட்டு ஏற மாட்டேன் என்கிறார். இங்கே தலைகீழ். இவளை ஏற்றவில்லை. மேலே போன தோழர்கள், அந்த மேலான நிலை வேண்டாம் என்று உடம்போடு இறங்கி இவளோடு இருக்க வந்துவிடுகிறார்கள். அந்த ஒரு இடத்துக்காக ஏழு சீசனையும் மன்னிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் கூடவே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்தவர்களுக்குப் பிள்ளை பிறக்காது. செத்தால் மேலே போகவும் முடியாது. இந்த நாலு பேரோடு மனித உடம்பு என்பதே முடிந்தது.

எனக்கு ஒப்பவில்லை. வியாசருக்குத் தெரிந்த சூட்சுமம் இவர்களுக்குத் தெரியவில்லை. பதினெட்டு நாள் யுத்தத்தில் எல்லோரையும் கொன்றுவிட்டு, உத்தரையின் வயிற்றில் ஒரு பிள்ளையை வைத்தார். அஸ்வத்தாமன் அதையும் கருக்கினான். கண்ணன் உயிர் கொடுத்தான். பரீட்சித்து பிறந்தான். அதன்பிறகு யாதவர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு செத்தாலும், துவாரகை கடலில் மூழ்கினாலும், தருமர் ராஜ்யத்தை விட்டுக் கிளம்பினாலும் அஸ்தினாபுரத்தில் விளக்கு எரிகிறது. உத்தரை யார்? விராடன் மகள். நம் ஊரை விராடபுரம் என்று சொல்வது உண்மையானால் நம்ம ஊர்ப் பெண்!

நாமும் பெருமை பீற்றிக்கொள்ள முடியாது. பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' 1988 முதல் 1990 வரை ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தெருவையே காலியாக்கியது. 94 எபிசோடு. பீஷ்மர் உயிர் துறப்பதோடு முடித்துவிட்டார்கள். இரும்பு உலக்கையும் இல்லை, கடல் கொள்வதும் இல்லை, நாயும் இல்லை. ஜெயித்தபிறகு என்ன மிஞ்சியது என்கிற, வியாசர் எழுதிய கடைசி சீசனை நாட்டுக்கே காட்டாமல் விட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அது தாங்காது என்று நினைத்தார்களோ என்னவோ.

இதே தூர்தர்ஷன்தான் தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வையும் தொடராகப் போட்டது. பேருக்கு இரண்டே எழுத்து, ஆளுக்கு ஒரு எண், பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி. அந்தக் கதை நடக்கும் 2021, 2022 எல்லாம் வந்து போய்விட்டது. ஜீனோ மாதிரிப் பேசும் நாய் இன்னும் வரவில்லை. எண் மட்டும் எல்லோருக்கும் வந்துவிட்டது.

முடிவு கிடைப்பதே கூட அதிர்ஷ்டம்தான். 'ஸ்னோபியர்சர்' என்று ஒன்று. உலகமே உறைந்து, மிஞ்சியவர்கள் நிற்காமல் ஓடும் ரயிலில் வாழ்கிறார்கள். கடைசி சீசனை எடுத்து முடித்தபிறகு அந்த சேனல் போட மாட்டேன் என்று 2023-இல் கைவிட்டது. இன்னொரு சேனல் வாங்கி 2024-இல் போட்டது. நம் நாட்டு 'லைலா'வுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

'லைலா' 2019 ஜூன் 14 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த இந்தித் தொடர். பிரயாக் அக்பர் 2017-இல் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. தீபா மேத்தா உள்ளிட்ட மூவர் இயக்கம். ஹுமா குரேஷி தாயாக, நம்ம 'பாய்ஸ்' சித்தார்த் காவலாளியாக. 2040-களின் இந்தியா, பெயர் ஆர்யவர்த்தா. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி மதில், தனி வாசல். ஷாலினி வேறு மதத்துக்காரனைக் கட்டிக்கொண்டவள். வீட்டில் நீச்சல் குளம் நிரம்பத் தண்ணீர் இருக்கும் நாளில் ஆட்கள் மதில் ஏறி வருகிறார்கள். புருஷனைக் கொன்று, கலப்புக் குழந்தை என்று மகளைக் கொண்டுபோய், இவளைச் 'சுத்தி' செய்யும் முகாமில் போடுகிறார்கள். ஆறு எபிசோடு முழுக்க மகளைத் தேடுகிறாள்.

மதத்தை இழிவுபடுத்துகிறது என்று அப்போது எதிர்ப்பு கிளம்பியது. நான் அந்த வழக்குக்குள் போகவில்லை. கலப்புக் கல்யாணத்துக்கு இந்த மேற்கு மாவட்டங்களில் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்த எவனும் அந்த முதல் காட்சியைக் கற்பனை என்று தள்ள மாட்டான். என்னை உலுக்கியது தண்ணீர். அதில் சுத்தத் தண்ணீர் காசுள்ளவனுக்கு மட்டும். மற்றவர்களுக்குக் குடத்தோடு வரிசை. தொடர் வந்த அதே ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னைக்குப் போனது. ரயிலுக்கு மாலை போட்டு வரவேற்றார்கள். அமராவதி வாய்க்காலின் கடைமடைக்காரர்களுக்கு முப்பது வருஷம் பதில் சொல்லிப் பிழைத்தவன் நான். தண்ணீர் வராத நாளில் மனுஷன் முகம் எப்படி மாறும் என்பது எனக்குத் தெரியும். 2047 வரை போக வேண்டியதே இல்லை.

ஆறாவது எபிசோடு முடிவில் மகள் எதிரே நிற்கிறாள். தாயை அடையாளம் தெரியவில்லை. என் அம்மா ஆர்யவர்த்தா என்கிறாள். அவ்வளவுதான், திரை இருண்டது. இரண்டாவது சீசன் வரவே இல்லை. முதல் சீசனே கடைசி சீசன்.

பேத்தி ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "அப்புச்சி, இப்படிப்பட்ட உலகத்துல குழந்தை பெத்து என்ன பண்றது? நான் கல்யாணமே பண்ணிக்கப் போறதில்ல" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் தோழிகளில் பல பேர் அப்படித்தான் பேசுகிறார்களாம். என் மகள் முகம் சுண்டிவிட்டது.

நான் கல்யாணத்தைப் பற்றிப் பேசவில்லை. அது அவள் இஷ்டம். உலகம் முடிந்தது என்ற பேச்சுக்குத்தான் பதில் சொன்னேன். "கண்ணு, நீ வேலை செய்யற ஊரே ஒருக்கா முடிஞ்சுதான் போச்சு" என்றேன். நொய்யலில் சாயம் ஓடிய காலம் அவளுக்குத் தெரியாது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தொட்டி ஆனது. அந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டவே வேண்டாம் என்று விவசாயிகளே சொன்ன அணை உலகத்தில் எத்தனை இருக்கும்? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மின் இணைப்பைத் துண்டித்தார்கள். வடநாட்டுப் பையன்கள் மூட்டையோடு ரயில்நிலையத்தில் நின்றார்கள். திருப்பூர் அவ்வளவுதான் என்று தாராபுரம் டீக்கடையில் பேசாத ஆள் இல்லை. பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாதபடி சுத்திகரித்து, உப்பைப் பிரித்து, அதே தண்ணீரைத் திரும்பச் சாயத்துக்கு விடும் முறைக்கு வந்தார்கள். செலவு, கடன், மூடிய பட்டறைகள், செத்த நிலம் எல்லாம் உண்டு. இன்றைக்கும் இரவோடு இரவாகத் திறந்து விடுகிற ஆட்கள் இல்லாமல் இல்லை. கெட்டுப்போன கிணறுகள் எல்லாம் தெளிந்துவிடவும் இல்லை. ஆனாலும் அவளுக்குச் சம்பளம் வருகிறது.

'லைலா'வின் அடுத்த சீசனை யாராவது எடுத்தால் நான் பார்க்க விரும்புவது இதைத்தான். தலைவன் சாவதையோ மதில் இடிவதையோ காட்ட வேண்டாம். இடிந்த மறுநாள் காலையில் அந்த ஊருக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள்? தாயைத் தெரியாத அந்தக் குழந்தை முதல் நாள் யார் கையால் சாப்பிடுகிறது? ஷாலினிக்குக் கோபம் வராதா, அடித்துவிட மாட்டாளா? இதை எடுக்கத் துணிவு வேண்டும். வெடி வைக்கப் பணம் போதும்.

நாவலில் கதை வேறு மாதிரி. அங்கே மகளைப் பறிகொடுத்தது மூன்றாவது பிறந்தநாளில், தாய் தேடுவது பதினாறு வருஷம். அதை வாங்கி வரச் சொல்லிப் பேத்தியிடம் பணம் கொடுத்திருக்கிறேன். அவள் பதிலுக்கு என்னை விராட பர்வம் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறாள். படித்தால் மழை வரும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். வருகிற சனிக்கிழமை ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறோம். மேட்டுக்கடையில் மேகம் ஒன்றையும் காணோம்.