பிள்ளையை ஏசுமுன் தூக்கத்தைக் கணக்குப் பாருங்கள்



"உங்கள் மகனுக்குப் பாடத்தில் கவனமே இல்லை" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுப்பினால் நம் லயத்தில் என்ன நடக்கிறது? முதலில் ஏச்சு, பிறகு அடி. அதற்கும் சரிவராவிட்டால், "படிப்பு ஏறாத பிள்ளை, கொழும்பில் கடைக்கு அனுப்பிவிடுவோம்" என்கிறோம். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே ஒரு பிள்ளையின் படிப்பு முடிந்துவிடுகிறது.

அந்த முடிவை எடுக்குமுன், பிள்ளை எத்தனை மணி நேரம் தூங்குகிறது என்று பாருங்கள். 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது வைத்தியர்களின் கணக்கு. ஒரே காம்பராவில் இரவு 10 மணிவரை டிவி ஓடுகிறது. பிறகு 11 மணிவரை போர்வைக்குள் போன். பிரட்டுக்களத்துக்குப் போகுமுன் சமைக்க அம்மா நாலரைக்கு விளக்கைப் போட்டால் எல்லோரும் விழிக்க வேண்டியதுதான். மிஞ்சுவது ஐந்தரை மணி நேரம்.

இந்த வயதில் இரவில் தூக்கம் பிந்தி வருவது உடம்பின் இயல்பு, சோம்பல் அல்ல. தூக்கம் குறைந்த பிள்ளை வகுப்பில் தூங்கி வழிவதோடு நிற்பதில்லை. எரிந்து விழும், ஓரிடத்தில் இருக்காது, படித்ததும் மனதில் தங்காது.

அடுத்தது வெளியில் கழிக்கும் நேரம். 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலை வெளிச்சம் உடம்பில் பட்டால் இரவில் நேரத்தோடு தூக்கம் வரும். நம்மைச் சுற்றி மலையெல்லாம் பச்சை. ஆனால் லயத்து வாசல்வரை தேயிலை நிற்கிறது, பந்தடிக்கத் துண்டு நிலமில்லை.

வீட்டில் செய்யக்கூடியதைச் செய்வோம். இரவு 9 மணிக்கு டிவி நிற்கட்டும், போன் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளை விளையாட விடுவோம். பெண் பிள்ளையும்தான், தண்ணீர்க் குடம் அவளுக்கு மட்டும் எழுதி வைத்ததல்ல. இவ்வளவுக்குப் பிறகும் கவனம் சிதறினால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். கவனக்குறைபாடு என்று ஒரு நிலை உண்டு, அதற்கு வைத்தியமும் உண்டு.

ஆனால் ஒற்றைக் காம்பராவை எந்தத் தாயாலும் இரண்டாக்க முடியாது. தனி வீடும் விளையாட்டு மைதானமும் நம் பிள்ளைகளின் படிப்புக்கான கோரிக்கைகள். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில், சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே இவற்றையும் எழுதுங்கள்.