முற்பணத்துக்கு முன் ஒப்பந்தம்

மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து குவைத்துக்கோ சவூதிக்கோ பணிப்பெண்ணாகப் போகிறவர், தன் தொழில் ஒப்பந்தத்தைப் பெரும்பாலும் கொழும்பில்தான் முதன்முதலாகக் காண்கிறார். அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. உப முகவர் வீட்டுக்கு வந்து பேசிவிட்டார். கடவுச்சீட்டு அவர் கையில். மெடிக்கல் பாஸ். முகவர் தந்த முற்பணத்தில் ஒரு பங்கு நுண்கடன் தவணைக்கும், ஒரு பங்கு கூரைத் தகட்டுக்கும் போயாயிற்று. இந்த நேரத்தில் “இதில ஒரு கையெழுத்து வைங்க தங்கச்சி” என்று தாளை நீட்டினால், வாசித்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல யாரால் முடியும்? சொன்னால் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

“வாசிக்காமல் ஒப்பமிட்டார், அனுபவிக்கிறார்” என்று பேசுவது நமக்கு எளிது. உயர்தரம் வரை படித்தவர்களும் இப்படித்தான் ஒப்பமிடுகிறார்கள். கோளாறு அவர்களின் படிப்பில் இல்லை, காசு முதலிலும் ஒப்பந்தம் கடைசியிலும் வருகிற வரிசையில் இருக்கிறது.

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை அமைத்த 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், ஒப்பமிடுவதற்கு முன் தொழிலாளிக்கு விளங்கும் மொழியில் ஒப்பந்தத்தை வாசித்து விளக்கும் கடமையை முகவர்மீது வைத்திருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் விமானம் ஏறும் வாரத்தில் கடகடவென்று வாசித்துவிட்டாலும் கடமை முடிந்த கணக்குத்தான்.

ஒப்பந்தத்தில் எல்லோரும் தேடுவது சம்பளத் தொகையை. அதற்கு முன் பார்க்க வேண்டியது தொழில் என்ன என்ற வரி. ‘வீட்டுப் பணியாளர்’ என்று மட்டும் இருந்தால் சமையல், துடைப்பு, படுக்கையில் கிடக்கும் முதியவர், கைக்குழந்தை, முதலாளியின் தங்கை வீட்டு வேலை எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். மூதூர் ரிசானா நபீக் 2005இல் சவூதிக்குப் போனபோது வயது 17, கடவுச்சீட்டில் 23. வீட்டு வேலைக்கென்று போன பிள்ளையிடம், ஒரு பயிற்சியும் இல்லாத நிலையில், நான்கு மாதக் குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. குழந்தை இறந்தது. கொலைக்குற்றம் சாட்டப்பட்ட ரிசானாவுக்கு 2013 ஜனவரி 9ஆம் திகதி மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அவருடைய வயதை மாற்றிய தாள்களைத் தயாரித்தவர்கள் வேறு ஆட்கள். பெயரும் வயதும் தொழிலும் உண்மையா என்பதையாவது போகிறவர் தன் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

அடுத்தது, உரிமை இருந்தும் கேட்காமல் விடுவது. குவைத்தின் 2015ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டம் நாளுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தருகிறது. கடவுச்சீட்டை முதலாளி பிடித்து வைப்பதைத் தடுக்கிறது. ஒப்பந்தம் முடியும்போது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் சேவைக்காலப் பணமாக வர வேண்டும். இரண்டு வருடத்துக்கு இரண்டு மாதச் சம்பளம். இப்படியொன்று உண்டு என்று தெரியாதவர், புறப்படும் நாளில் நீட்டப்படும் அரபுத் தாளில் ‘எல்லாம் பெற்றுக்கொண்டேன்’ என்று ஒப்பமிட்டுவிட்டு வந்துவிடுவார்.

விசிட் விசாவில் போகிறவர்களின் கதை இதைவிடக் கேடு. அவர்களிடம் வாசிப்பதற்கு ஒப்பந்தமே இல்லை. 2022இல் ஓமானில் சிக்கிய நம் நாட்டுப் பெண்களின் அவலம் அந்த வழியில் வந்ததே.

பிள்ளைகள் உள்ள பெண் வெளிநாடு போவதென்றால் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று 2013இல் விதி வந்தது. அதன்படி பிரதேச செயலக உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று விசாரித்தார். அந்தப் பெண் விட்டுப்போகும் வீட்டைப் பற்றி இத்தனை கேள்வி கேட்ட அரசு, போய்ச்சேரும் வீட்டைப் பற்றியும் அதே திண்ணையில் வைத்து அவருக்குச் சொல்லட்டும். ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியைக் காட்டாமல் முகவர் முற்பணம் கொடுக்கக் கூடாது என்று பணியகம் ஒரு விதி போட்டால், கொழும்பு மேசையில் நடக்கும் அவசரத்தில் பாதி தானாகக் குறையும்.

அந்த விதி வரும்வரை, வெளிநாடு போக நினைக்கும் சகோதரிகளே, காசை வாங்குமுன் ஒப்பந்தத்தைக் கேளுங்கள். ஒப்பமிட்ட பின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நாளைக்கு உங்கள் வீட்டார் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து முறையிட வேண்டி வந்தால், முதலாளியின் பெயரும் முகவரியும் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.