பாசி தின்னும் மோலி: கேன் தண்ணீர் வேண்டாம், போர் தண்ணீரே போதும்!

புதிதாக வாங்கிய மீன் தொட்டி முதல் மாதம் பளிச்சென்று இருக்கும். அடுத்த மாதமே கண்ணாடி ஓரத்தில் பச்சைப் பாசி எட்டிப் பார்க்கும். உடனே கடைக்குப் போய், "அண்ணா, பாசி தின்ற மீன் ஏதாவது இருக்கா?" என்று கேட்போம். பல கடைகளில் கவரில் போட்டுக் கொடுப்பது, 'டேங்க் கிளீனர்' என்ற பெயரில் விற்கப்படும் சக்கர் மீனைத்தான்.

வாங்கும்போது இரண்டு அங்குலம் இருக்கும் சக்கர், ஒரு அடிக்கும் மேல் வளரக்கூடியது. அது போடும் கழிவும் அதே அளவுக்குக் கூடும். இடம் போதாமல் போனதும் சிலர் அதை ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் இன்று தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. அதன் முள் துடுப்புகள் மீனவர்களின் வலையைக் கிழிக்கின்றன.

பாசிக்கு ஒரு மீன் வேண்டும், அது சிறியதாகவும் அழகாகவும் இருக்க வேண்டும் என்றால் மோலியைப் பாருங்கள். கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை, புள்ளி போட்டது எனப் பல நிறங்களில் கிடைக்கும். சென்னை கொளத்தூர் மீன் சந்தை முதல் சின்ன ஊர்க் கடைகள் வரை கிடைக்கிற, விலை குறைவான மீன் இது. சாதாரண மோலி மூன்று அங்குலம் அளவில் நின்றுவிடும். கண்ணாடி, கல், செடி இலை எல்லாவற்றிலும் வாய் வைத்து மென்மையான பாசியை நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருக்கும்.

தண்ணீர்தான் முக்கியம்

'நாம் குடிக்கிற சுத்தமான தண்ணீர் மீனுக்கும் நல்லதுதானே' என்று ஆர்.ஓ. தண்ணீரையோ கேன் தண்ணீரையோ ஊற்றுகிறவர்கள் உண்டு. மோலிக்கு அது ஆகாது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த இந்த மீனுக்குக் கால்சியம், மக்னீசியம் போன்ற உப்புகள் கரைந்த கடினத் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும். அவை இல்லாத தண்ணீரில் மோலி முன்னே நகராமல், நின்ற இடத்திலேயே உடலை நெளித்து ஆடிக்கொண்டிருக்கும். பார்க்க விளையாட்டு போலத் தெரியும். உண்மையில் உடம்பு சரியில்லை என்பதற்கான அறிகுறி அது.

பக்கெட்டில் வெள்ளை உப்புக்கறை படியவைக்கும் போர் தண்ணீர் உங்கள் வீட்டில் வருகிறதா? மோலிக்கு அது வசதிதான். ஒரு இரவு பக்கெட்டில் திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம். குழாய்த் தண்ணீர் என்றால், குளோரினை நீக்கும் சொட்டு மருந்தைக் கடையில் கேட்டு வாங்கிக் கலந்துகொள்ளுங்கள்.

எத்தனை மீன்?

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டியில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதற்கு ஒரு ஆண், மூன்று பெண் போதும். ஆண்கள் அதிகமானால் பெண் மீன்களை விடாமல் துரத்தும். அடிவயிற்றுத் துடுப்பு குச்சி போல இருந்தால் ஆண், விசிறி போல இருந்தால் பெண். உருண்டையாக இருக்கும் 'பலூன் மோலி' முதுகெலும்பு வளையும்படி உருவாக்கப்பட்ட ரகம். அதைத் தவிர்ப்பது நல்லது.

தொட்டி வாங்கிய அன்றே எல்லா மீன்களையும் விடாதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா ஃபில்டரில் வளர 4 முதல் 6 வாரங்கள் ஆகும். புதுத் தொட்டியில் மீன்கள் வரிசையாகச் செத்துப்போக முக்கியக் காரணம் இதுதான். ஓரிரு மீன்களோடு தொடங்குங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

பாசி மட்டும் சாப்பாடு ஆகாது

மோலியைப் பட்டினி போட்டால் பாசி தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஸ்பைருலினா கலந்த தீனி, வெந்நீரில் போட்டு எடுத்த கீரை, தோல் உரித்த வெந்த பட்டாணி கொடுக்கலாம். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும். மிச்சமாகி அழுகும் தீனிதான் அடுத்த பாசிக்கு உரம். லைட்டை ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதீர்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள். இவை இரண்டையும் சரிசெய்யாவிட்டால் எத்தனை மோலி விட்டாலும் பாசி ஜெயித்துவிடும். கண்ணாடியில் இறுகிப்போன பச்சைப் புள்ளிகளை நீங்கள்தான் சுரண்ட வேண்டும்.

குட்டிகள் வரும்!

மோலி முட்டையிடாது, குட்டி போடும். ஏறக்குறைய மாதம் ஒருமுறை, ஒரே பிரசவத்தில் 20, 50 என்று வரும். ஆணைப் பிரித்து வைத்தாலும், பெண் மீன் உடலில் சேமித்த விந்தணுவால் சில மாதங்கள் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். தொட்டியில் ஜாவா மாஸ் செடி அடர்த்தியாக இருந்தால் சில குட்டிகள் ஒளிந்து பிழைக்கும். மற்றவற்றைப் பெரிய மீன்கள் தின்றுவிடும்.

அப்படியும் எண்ணிக்கை கூடினால் நண்பர்களுக்குக் கொடுங்கள், கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஏரி, குளம், கிணறு எதிலும் விட்டுவிடாதீர்கள். மோலியும் வெளிநாட்டு மீன்தான். சக்கர் மீன் நம் ஏரிகளுக்குள் நுழைந்ததும் இப்படித்தான்.