பெங்குவினின் வீடு எது?

மோதி பாக்கில் அனல் வீசிய ஒரு மாலை. சங்கக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றிருந்தோம். இவ்வாண்டுச் சுற்றுலாவுக்கு மும்பை செல்லலாம், பைகுல்லா உயிரியல் பூங்காவில் பெங்குவின் பார்க்கலாம் என்றார் நண்பர் ஒருவர். "இந்த வெயிலில் பனிப்பறவையைப் பார்த்தாலே உடம்பு குளிரும்" என்றும் சேர்த்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். அறைக்குத் திரும்பிய பின்னர்தான் அந்தப் 'பனிப்பறவை' என்னை உறுத்தத் தொடங்கியது.

பைகுல்லாவில் இருப்பவை ஹம்போல்ட் பெங்குவின்கள். அவற்றுக்கும் பனிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெரு, சிலி நாடுகளின் கடற்கரையே அவற்றின் தாயகம். அதில் பெரும்பகுதி மழை காண்பதரிய பாலை. நிலம் சுடும், அதை ஒட்டி ஓடும் ஹம்போல்ட் நீரோட்டமோ குளிர்ந்தது. அக்குளிர்நீரில் பெருகும் நெத்திலி இன மீன்களே இவற்றின் முதன்மை உணவு. கடற்பறவைகளின் எச்சம் காலங்காலமாகப் படிந்து இறுகிய மேட்டிலே வளை தோண்டி முட்டையிடும். 19ஆம் நூற்றாண்டில் அந்த எச்சத்தை ஐரோப்பிய வயல்களுக்கு உரமென்று வெட்டிக் கப்பலேற்றினார்கள். வீடு போயிற்று. பின்னர் நெத்திலியை வலைபோட்டு வாரித் தீவன மாவாக்கினார்கள். சோறும் குறைந்தது. எல் நினோ வரும் ஆண்டுகளில் கடல் சூடேறி மீன் விலகிவிட, பறவைகள் பட்டினியால் மடிகின்றன. 1982-83இல் அப்படிப் பெருந்தொகை அழிந்தது. நம் பருவமழையைப் பலமுறை பொய்க்கச் செய்ததும் இதே எல் நினோதான். ஆகவே இது அவ்வளவு தூரத்து உறவு அன்று.

2016 ஜூலையில் சியோலிலிருந்து எட்டுப் பறவைகள் மும்பை வந்தன. அக்டோபரில் ஒன்று நோயுற்று இறந்தது. 2018 ஆகஸ்டு 15 அன்று பொரித்த முதற் குஞ்சும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் மாண்டது. பின்னர் பிறந்த குஞ்சுகள் பல பிழைத்து வளர்ந்தன. ஊழியர்களின் உழைப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆயினும் கேட்கிறேன்: குளிரூட்டிய கூடத்தில் உயிரைக் காப்பதும், அதன் கடலைக் காப்பதும் ஒன்றாகுமா?

அதே 2018இல் நம் பக்கத்து நேதாஜி நகர், சரோஜினி நகர் குடியிருப்புகளைப் புதுப்பிக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட முனைந்தார்கள். ஈடாக வேறிடத்தில் கன்று நடுவோம் என்பதே நமக்குக் கிடைத்த சமாதானம். மக்கள் மரங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. வேம்பில் கூடு கட்டிய பறவை, கன்று வளரும்வரை எங்கே போய்க் குடியிருக்கும்?

தென்னாப்பிரிக்கரைப் பாருங்கள். அங்குள்ள ஆப்பிரிக்கப் பெங்குவின் 2024இல் அழிவின் விளிம்பில் நிற்கும் இனமென்று அறிவிக்கப்பட்டது. பறவைக் காப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மீன்பிடித் தொழிலாரும் உடன்பட, 2025 மார்ச்சில் நீதிமன்ற ஆணை பிறந்தது. ஆறு வாழிடங்களைச் சுற்றிய கடலில் மத்தியும் நெத்திலியும் வாரும் வணிகக் கப்பல்களுக்கு இடமில்லை என்றாயிற்று. குளிர்சாதனம் இல்லை, கண்ணாடிச் சுவர் இல்லை. மீனை மீனின் இடத்தில் விட்டார்கள், அவ்வளவே.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போவோம். போகுமுன் ஒரு சனிக்கிழமை பெருவின் கடலைப் பற்றி நம் சங்கத்தில் ஓர் உரை நிகழட்டும். அங்கே நுழைவுச்சீட்டு வாங்கும்போது, இக்கட்டணத்தில் காலணாப் பங்கேனும் அந்தக் கரையைக் காக்கப் போகிறதா என்று கேட்போம். செயலாளர் இதற்கு ஒப்பினால், பட்டியலில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளட்டும்.