சிப்பி பரப்பிய சாலை

கனடா நாட்டு வான்கூவர் நகரில், மூன்று புறமும் கடல் சூழ, ஏறக்குறைய 1,000 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ளது ஸ்டான்லி பூங்கா. நெடுமரங்களினூடே ஒற்றையடிப் பாதைகள், கரையோரம் கல் அணை மீது நடைபாதை, இடையிடையே மணற்கரைகள். காண்போர் உள்ளம் குளிர்வது இயல்பே.

ஆயினும், அது ஆளற்ற காடாக இருந்ததன்று. ஸ்குவாமிஷ் முதலிய பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தனர். அவர்கள் உண்டு எறிந்த சிப்பி ஓடுகள் மேடாகக் குவிந்திருந்தன. 1888-இல் பூங்காவிற்குச் சாலை அமைத்தபோது, அவ்வோடுகளையே வாரிப் பரப்பினர்! எஞ்சியிருந்த குடும்பங்களும் காலப்போக்கில் வெளியேற்றப்பட்டன.

பிழைப்பு நாடி வேற்றூரில் குடியேறிய அன்பர்களே! நாம் உலாவும் வழி முன்பு எவர் வீட்டு முற்றமோ? ஞாயிறு மாலை குழந்தைகளுடன் கடற்கரைக்குச் செல்கையில், அவ்வூரின் முன்னோர் யாரென்பதையும் கேட்டறிந்து சொல்லுவோம்.