மொறட்டுவை எமக்குத் தூரமா?

உயர்தரப் பெறுபேறு வந்ததும் மருத்துவத்துக்கு எத்தனை பேர், பொறியியலுக்கு எத்தனை பேர் என்று காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கணக்குப் பார்க்கிறோம். தெரிவான பெண்பிள்ளைகளில் எத்தனை பேர் தாம் விரும்பிய பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள் என்று கேட்பவர் குறைவு. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கும் மாணவி என்ற வகையில் இதை எழுதுகிறேன்.

மேலைநாடுகளில் ஒரு மாணவியைப் பல பல்கலைக்கழகங்கள் அழைக்கும்; வேண்டாததை அவள் மறுக்கலாம். எமது முறை வேறு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் விருப்ப ஒழுங்கில் நாமே எழுத வேண்டும். இஸட் புள்ளிக்கேற்ப அவற்றில் ஒன்றே கிடைக்கும். ஆகவே எமது வீடுகளில் மறுப்பு, படிவம் நிரப்பும்போதே நடந்துவிடுகிறது. புள்ளி போதுமாக இருந்தும் மொறட்டுவை கீழே இறங்கி, ஒலுவில் மேலே ஏறுகிறது.

காரணங்கள் பொய்யானவை அல்ல. மொறட்டுவை 300 கிலோமீற்றருக்கு அப்பால். நான்கு வருடப் படிப்பு. விடுதி, பகிடிவதை, சிங்களம் பேசும் சூழல் என்று ஒவ்வொன்றும் கவலைதான். 2019 ஏப்ரலுக்குப் பின்னர் ஹபாயா அணிந்த மகளைத் தனியே பஸ்ஸில் அனுப்ப உம்மாமார் இன்னும் அஞ்சுகிறார்கள்.

ஒலுவிலைக் குறைத்துச் சொல்லவில்லை. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய அந்த நிறுவனத்தில் இன்று பொறியியல் பீடமும் உண்டு. வீட்டுக்குக் கிட்ட இருந்து படிக்க விரும்பி அதைத் தெரிவு செய்பவள் சரியாகவே செய்கிறாள். என் கேள்வி, தெரிவு செய்தது யார் என்பதே. அதே புள்ளி எடுத்த மகனை அதே வீடு பெருமையோடு மொறட்டுவைக்கு வழியனுப்புமானால், தடையாக இருப்பது தூரம் மட்டுமல்ல.

பெற்றோரே, இந்தப் பேச்சைப் படிவம் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். தரம் 12இலேயே தொடங்குங்கள். மொறட்டுவையிலும் பேராதனையிலும் படிக்கும் எமது ஊர்த் தாத்தாமாரைக் கல்லூரிக்கு அழைத்து, விடுதி, தொழுகை, சாப்பாடு, பயணம் எல்லாவற்றையும் நேரில் கேளுங்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வளாகத்துக்கு அருகே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பெரியம்மா, சாச்சி என முறைவைத்துத் துணையிருக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகும் "ஒலுவில்தான்" என்று மகள் சொன்னால் அது அவளது தெரிவு. அவளிடம் கேட்காமல் எழுதினால், அவள் இரண்டு வருடம் கண்விழித்துப் படித்ததற்கு நாம் என்ன பதில் சொல்வோம்?